போர்வையில் இல்லாத பொட்டு

அவர் யாரிடமும் "நல்லாருக்கீங்களா?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. எதிரில் வருகிறவர் பெரிய அதிகாரியாக இருந்தாலும் சரி, தலையில் பலாப்பழம் சுமந்து வருகிறவராக இருந்தாலும் சரி, அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்.

"யாரைப் பாத்துட்டு வர்றீங்க?"

பதில் சொன்னாலும் விட மாட்டார். "சரி, அவரு அதுக்கு முன்னாடி யாரைப் பாத்தாரு?" என்பார். சொந்தச் சித்தியே கேட்டாலும் நமக்கு எரிச்சல் வருகிற கேள்வி. இவர் முன்பின் தெரியாதவர்களிடம் கேட்பார். அவர்களும் நின்று நிதானமாகப் பதில் சொல்வார்கள். அது எப்படி என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

வம்பு பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. சேந்தமங்கலம் கடைத்தெருவில் அத்தாவின் மளிகைக் கடையில் உட்கார்ந்து வளர்ந்தவள் நான். யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை காதில் விழுந்துகொண்டே இருக்கும். அதிலிருந்து தப்பித்துத்தான் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்து, கொல்லிமலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே போனால், வம்பையே ஒரு படிப்பாகப் படித்து, அதற்குக் கணக்கும் போட்டு வைத்திருக்கிற ஆள் வந்து சேர்ந்தார்.

சமவெளியில் ஏதோ ஒரு கல்லூரியில் அவர் கணிதப் பேராசிரியர். ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலையில் யார் யாருக்கு மிளகு விற்கிறார்கள், வாங்கியவர் யாரிடம் கைமாற்றுகிறார் என்று ஆராய்ச்சி செய்ய நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். சோளக்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தார். பருத்திப் புடவை, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத ஓட்டக்காரர் ஷூ, நெற்றியில் பெரிய அரக்கு நிற ஸ்டிக்கர் பொட்டு. பேசும்போது கை சும்மா இருக்காது. பக்கத்தில் டீ கிளாஸ் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வது நல்லது.

கொரோனா ஓய்ந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. பெரக்கரை நாட்டில் மேட்டிலிருந்த ஓர் ஊரில் இரண்டு பிள்ளைகளுக்குத் தொண்டையில் சாம்பல் நிறத்தில் படலம் கட்டிக் கழுத்து வீங்கியது. தொண்டை அடைப்பான், ஆஸ்பத்திரி பாஷையில் டிப்தீரியா. எங்கள் டாக்டரே அதைப் படிக்கிற காலத்தில் புத்தகத்தில் பார்த்ததோடு சரி. மூச்சுக்குழாயை அடைத்து ஆளையே கொண்டுபோய்விடும். பிள்ளைகளை உடனே நாமக்கல்லுக்கு அனுப்பினோம். ஊர் முழுக்க ஊசி, மாத்திரை என்று ஓடிக்கொண்டிருந்தபோது இவர் வாசலில் வந்து நின்றார்.

"டாக்டர், எனக்கு ஒரு செவுரு குடுங்க."

மருந்து கேட்டு வருவார்கள், சர்டிபிகேட் கேட்டு வருவார்கள். சுவர் கேட்டு வந்தவரை நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம். டாக்டர் குழப்பத்தில் சரி என்று தலையாட்டிவிட்டார். அவ்வளவுதான், வார்டில் கிழிந்து கிடந்த ஒரு வெள்ளைப் போர்வையை எடுத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளையும் கம்பளி நூல் உருண்டையையும் வெளியே எடுத்தார். சேந்தமங்கலம் ஃபேன்ஸி ஸ்டோரில் இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார் போல.

ஓர் ஆளுக்கு ஒரு பொட்டு. நோய் வந்தவருக்குச் சிவப்பு, வராதவருக்குப் பச்சை. ஒருவரை ஒருவர் பார்த்துப் பழகியிருந்தால் இரண்டு பொட்டுக்கும் நடுவில் நூல். அதிகம் பேரோடு பழகுகிறவருக்குக் கொஞ்சம் பெரிய பொட்டு. சில நாளில் அந்தப் போர்வை முழுக்க ஒரு நாடே உட்கார்ந்திருந்தது.

"இதுக்குக்கூடவா மேடம் படிப்பு இருக்கு?" என்று நான் கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன்.

அவருக்குக் கிண்டல் புரியாது. கண்ணெல்லாம் மின்னியது. "இருக்கு கண்ணு! வலைப்பின்னல் அறிவியல்னு பேரு. கிருமிக்கு ரெக்கை இருக்குதா? காலு இருக்குதா? அப்பறம் எப்படி ஊரு விட்டு ஊரு போகுது? நம்ம பழக்கத்து மேல ஏறி உக்காந்துக்கிட்டுப் போகுது. நீங்க கிருமியைப் புடிக்கறீங்க. நான் அது போற ரோட்டைப் புடிக்கறேன். ரோடு தெரிஞ்சா, அது போய்ச் சேர்றதுக்கு முன்னாடி நாம போய் நின்னுக்கலாம் பாரு!"

சொல்லிக்கொண்டே என் பெயரைக் கேட்டு எனக்கும் ஒரு பச்சைப் பொட்டை ஒட்டிவிட்டார். பொட்டே வைக்காத குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்தப் போர்வையில் ஒரு பொட்டு. அத்தாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்.

"உங்க பொட்டு எங்கே மேடம்?"

"எனக்கு எதுக்கு?" என்றார், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "அப்பா அம்மா போயாச்சு. கூடப் பொறந்தவங்க கெடையாது. என்னையப் போட்டா ஒத்தப் புள்ளியா மூலையில நிக்கும். கோடே இல்லாத புள்ளி கணக்குல வராது கண்ணு."

வருத்தப்பட்டுச் சொன்ன மாதிரி தெரியவில்லை. அடுத்த நூலை எடுத்து அளந்து வெட்டிக்கொண்டிருந்தார்.

அவருடைய தண்ணீர் குடிக்கிற வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மலையில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் சொம்பில் தண்ணீர் வரும். குடித்தால்தான் வந்தவர் விருந்தாளி, அதற்குப் பிறகுதான் பேச்சு. இவர் எந்த வீட்டிலும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. ஆனால் எல்லோரும் அண்ணாந்து குடிப்பார்கள், இவருக்கு அது வராது. குழந்தையிலிருந்தே வராதாம். முயற்சி செய்தால் மூக்கில் ஏறி, இருமி, புடவை நனைந்து பெரிய கலவரமாகிவிடும். ஆகவே சொம்பில் வாய் வைத்துச் சப்பித்தான் குடிப்பார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவர் போன பிறகு சொம்பைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பார்கள். பிள்ளைகளுக்கு அது ஒரு பெரிய வேடிக்கை. 'பொட்டு டீச்சர்' எந்த ஊருக்குப் போனாலும் தண்ணீர் குடிப்பதைப் பார்க்கவே ஒரு கூட்டம் கூடும்.

வேலைக்கு வருவோம். தொண்டையிலிருந்து பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் கீழே அனுப்புவது என் வேலை. பெட்டி சிறியது, தினமும் கொஞ்சம் பேருக்குத்தான் எடுக்க முடியும். யாருக்கு எடுப்பது? டாக்டர் வரிசையில் நிற்பவர்களுக்கு எடுக்கலாம் என்றார். இவர் குறுக்கே விழுந்தார்.

"வரிசையில நிக்கறவங்களுக்கு எடுக்காதீங்க. அவங்ககிட்ட ஒருத்தர் பேரைச் சொல்லச் சொல்லுங்க. அவசரம்னா யாருகிட்ட ஓடுவீங்கன்னு கேளுங்க. அவங்க சொல்ற ஆளுக்கு எடுங்க."

"அது ஏன்?"

"ஜனங்க ஒருத்தர் பேரைச் சொன்னா, பத்துப் பேரோட பழகற ஆளைத்தான் சொல்லுவாங்க! ஊட்டுக்குள்ளயே இருக்கறவரை யாரு சொல்லுவா? ஊரையே அலச வேண்டியதில்லீங்க. ஊரே நமக்கு ஆளைக் காட்டிக் குடுத்துரும்!"

செய்து பார்த்தோம். நோய் வராமலேயே தொண்டையில் கிருமியைச் சுமந்துகொண்டிருந்தவர்கள் அப்படித்தான் அகப்பட்டார்கள். ஒரு ரேஷன் கடைக்காரர், பூசாரியின் மனைவி, மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றும் ஒருவர். அவர்களுக்கு மாத்திரை கொடுத்துத் தனியாக இருக்கச் சொன்னதும், மேட்டு ஊரில் புதிதாக யாருக்கும் வரவில்லை. ஒவ்வொரு ரிசல்ட் வரும்போதும் அவர் என் லேபுக்கு ஓடிவந்து என் தோளைப் பிடித்துக் குலுக்குவார். எனக்கே தொற்றிக்கொண்டது. காலையில் எழுந்ததும் இன்றைக்கு யார் அகப்படுவார் என்று மனம் பரபரக்கும். வம்பு பிடிக்காத நான் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் "யாரைப் பாத்துட்டு வர்றீங்க?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

வினை அந்தப் போர்வையிலிருந்தே வந்தது.

யாரைக் கேட்டாலும் ஒரு பெயர் வந்தது. சடையன். சோளக்காட்டிலிருந்து ஊர் ஊராக ஆள் ஏற்றிப் போகும் ஜீப்காரர். பிரசவமா, பள்ளிக்கூடமா, மிளகு மூட்டையா, எல்லாம் அவர் ஜீப்தான். போர்வையில் எல்லா நூலும் அவரிடம் வந்து முடிந்தது. இருப்பதிலேயே பெரிய பொட்டை அவருக்கு ஒட்டிவிட்டு, மருந்து வாங்க வந்தவர்களிடமெல்லாம் இவர் ஆசையாகக் காட்டினார். "பாருங்க, எல்லாக் கோடும் இவருகிட்ட வருது! எப்பேர்ப்பட்ட ஆளு பாருங்க!"

இவர் பாராட்டாகச் சொன்னார். பார்த்தவர்களோ சடையன்தான் நோயைக் கொண்டு வந்தார் என்று புரிந்துகொண்டார்கள். அவர் தொண்டையில் கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்தது. "குச்சியில வல்லீன்னா ஆளுகிட்ட இல்லீன்னு ஆயிருமா?" என்றார்கள். ஊர்களில் ஜீப்பை நிறுத்த விடவில்லை. அவர் மனைவி தண்ணீர் எடுக்கப் போனால் மற்றவர்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள்.

சடையன் ஒரு நாள் சுகாதார நிலையத்துக்கு வந்தார். போர்வையின் முன்னால் நின்று தன் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் டீச்சர், நான் உங்களுக்கு என்னுங்க பண்ணுனேன்?"

எப்போதும் ஆடும் மேடத்தின் கைகள் ஆடவில்லை. "நான் தப்பாச் சொல்லலீங்களே சடையன்…" என்று ஆரம்பித்தார். சடையன் அதைக் கேட்க நிற்கவில்லை.

அந்த வாரமே பள்ளத்து ஊரில் தர்ஷினி என்ற சிறுமி அதே நோயில் படுத்தாள். ரோட்டிலிருந்து பள்ளத்தாக்கில் இறங்கி ஒற்றையடிப் பாதையில் நடந்துதான் அந்த ஊருக்குப் போக முடியும். முந்தைய மழையில் பாதை அறுந்து, தவணை ஊசி தப்பிப்போன பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. மேலே நோய் என்று தெரிந்ததுமே அவர்கள் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டு, ஊரார் மேலே போகவும் வெளியாள் கீழே வரவும் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி ஆட்களுக்கு மட்டும் முள்ளை விலக்கினார்கள். தர்ஷினியின் அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஓடி வந்து போன் செய்தது சடையனுக்குத்தான். வேறு யாருக்குச் செய்வார்? சடையனும் உடனே வந்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பைப் பறக்க விட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

அதற்கு அவருக்குக் கிடைத்த பெயர் என்ன தெரியுமா? "பாத்தீங்களா, பள்ளத்துக்கும் கொண்டுக்கிட்டுப் போயிட்டான்." நோய் வந்த பிறகுதான் அந்தப் பிள்ளை ஜீப்பில் ஏறினாள் என்பதை யோசிக்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. நாட்டுக் கூட்டம் போட்டுச் சடையனைத் தள்ளி வைப்பது என்று பேச்சு கிளம்பியது. தள்ளி வைத்தால் ஜீப்பில் யாரும் ஏற மாட்டார்கள். அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போக மாட்டார்கள். தண்ணீர், நெருப்பு கூடக் கொடுக்க மாட்டார்கள்.

அந்த நாட்களில் மேடத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. சாப்பிடவில்லை. போர்வையின் முன்னால் உட்கார்ந்துகொண்டு தர்ஷினியின் சிவப்புப் பொட்டையே முறைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பொட்டுக்கு மேட்டு ஊரிலிருந்து ஒரு நூல்கூட இல்லை.

"கோடு இல்லாமப் புள்ளி சிவக்காது கண்ணு. யாரோ போயிருக்காங்க. யாரோ ஒருத்தர் அங்கயும் போயிருக்காங்க, இங்கயும் வந்திருக்காங்க."

"ஆஸ்பத்திரி ஆளுங்க போனோமே?"

"உங்க எல்லாத்துக்கும் முன்னாடியே மாத்திரை குடுத்து, குச்சியும் விட்டுப் பாத்தாச்சு. நீங்க இல்ல."

மறுபடியும் பள்ளத்து ஊருக்கு நடந்தார். தர்ஷினியின் அம்மாவை நூறு விதமாகக் கேட்டார். அந்த அம்மா சொன்னதைத் திரும்பி வந்து என்னிடம் அலுப்போடு சொன்னார். "யாருமே வல்லீங்களாம். 'உங்களை உட்டா வேற யாரும் வல்லீங்களே டீச்சர்'னு திருப்பித் திருப்பிச் சொல்லுது. அந்தம்மாவுக்கு ஞாபகம் இல்ல."

கூட்டத்துக்கு முந்தின நாள். சோளக்காட்டு டீக்கடையில் ஐஸ் பெட்டியோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அவர் எங்கோ அலைந்துவிட்டுத் தலை கலைந்து, ஷூ முழுக்கச் சேறாக வந்து எதிரில் உட்கார்ந்தார். நாமக்கல்லில் தர்ஷினி கண்டம் தாண்டிவிட்டாள், கஞ்சி குடிக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குச் செய்தி வந்திருந்தது. அதைச் சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டார். ஆனாலும் முகம் தெளியவில்லை. அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று அவர் கேள்வியையே எடுத்து அவர் மேல் வீசினேன்.

"ஏனுங் மேடம், யாரைப் பாத்துட்டு வர்றீங்க?"

சிரித்துவிட்டார். "தர்ஷினி அம்மாவைத்தான். நேத்தும் அவங்க, இன்னிக்கும் அவங்க."

நான் விடவில்லை. "அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி… தர்ஷினியைப் பாத்தேன், அவ படுக்கறதுக்கு முன்னாடி. சொம்புல தண்ணி கொண்டாந்தா. நான் குடிச்சேன். மிச்சத்தை வாங்கி அவளும் என்னை மாதிரியே சப்பிக் குடிச்சுக் காட்டுனா. குட்டிக் கழுதை, அம்மாகிட்ட அடி வாங்குனா."

"அதுக்கு முன்னாடி?"

"அன்னிக்குக் காலைல மேட்டு ஊரு. நோய் வந்த பையனோட ஊடு. அவங்க பாட்டியம்மா அழுதுச்சுன்னு பக்கத்துலயே உக்காந்து…"

டீயை உயர்த்திய கை அப்படியே நின்றது. டீக்கடை ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, பஸ் வந்து ஹாரன் அடித்தது, அவர் எதையும் கேட்கவில்லை.

"அந்தம்மா சொல்லிக்கிட்டே இருந்துச்சே," என்றார் மெதுவாக. "உங்களை உட்டா யாரும் வல்லீன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சே!" பிறகு டீ கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டுத் துள்ளி எழுந்தார். "நான்தான் கண்ணு! நான்தான் அந்தக் கோடு! அடேயப்பா, நான்தான்!"

டீக்கடையே திரும்பிப் பார்த்தது. எனக்குப் புரிந்த அதே நொடியில் அவர் பின்பக்கமாகவே நடந்து ரோட்டின் அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டார். "கிட்ட வராத! மாஸ்க் போடு! அந்த கிளாஸைத் தொட வேண்டாம்னு சொல்லு, வெந்தண்ணில போடச் சொல்லு!" முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தொலைந்த பிள்ளை கிடைத்தவர்களுக்குத்தான் அப்படி வரும். ஆஸ்பத்திரி ஆட்களோடு முள்ளைத் தாண்டி ஊர் ஊராகப் போய் அந்த மாத்திரையை எல்லோருக்கும் கொடுத்தவர், தான் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. ஊசி போட்டிருக்கிறேனே, எனக்கு எதற்கு என்று இருந்துவிட்டார். ஊசி போட்டவருக்கு நோய்தான் வராது. கிருமி தொண்டையில் சொகுசாக உட்கார்ந்து கூடவே வரும். ஆஸ்பத்திரிப் பட்டியலிலும் அவர் இல்லை, அவருடைய போர்வையிலும் அவர் இல்லை.

பிறகு அந்தச் சந்தோஷம் அப்படியே வடிந்தது. ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார். "அப்ப… தர்ஷினிக்கு நான்தானே குடுத்திருக்கேன்?"

தலையாட்டினேன். அவர் கீழே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் போய்த் தோளைத் தொட முடியாத அழுகையைப் பார்த்துக்கொண்டு நிற்பது இருக்கிறதே, அதைவிடக் கொடுமை எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவரே முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"குச்சி இருக்குதா? எடு. அந்த பஸ்ஸை நிறுத்து."

ரோட்டோரத்தில் அவரை நிற்க வைத்து, மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு மாதிரி எடுத்தேன். கண்டக்டர் கத்திக்கொண்டே இருந்தார்.

ரிசல்ட் வருமுன்னே கூட்டம் வந்துவிட்டது. கோயிலுக்கு முன்னால் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டரும் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். சடையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தனியாக நின்றார். மேடம் மாஸ்க் போட்டுக்கொண்டு வெகு தூரத்தில் ஒரு பலா மரத்தடியில் நின்று, அங்கிருந்தே தொண்டை கிழியக் கத்தினார்.

"ஊர்க்கவுண்டரே! சோளக்காட்டுக்கு எல்லா பஸ்ஸும் வருதுங்க. அதுக்காக எல்லா பஸ்ஸையும் சோளக்காட்டுலயா செஞ்சாங்க? எல்லாக் கோடும் சடையன்கிட்ட வருதுன்னா, எல்லாத்துக்கும் அவருதான் வேணும்னு அர்த்தம். அவரு கொண்டு வந்தாருன்னு அர்த்தம் இல்லீங்க!"

ஊர்க்கவுண்டர் காதில் கை வைத்துக் கேட்டார். "அப்பப் பள்ளத்துக்கு யாருங்க கொண்டு போனது?"

"நானுங்க! அந்த ஊட்டுச் சொம்புல வாய் வெச்சுக் குடிச்சேன், அந்தப் புள்ள அதே சொம்புல குடிச்சுச்சு. எனக்குத்தான் அண்ணாந்து குடிக்க வராதே, உங்களுக்கெல்லாம் தெரியுமே!"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. தெரியாதா பின்னே? அவர் தண்ணீர் குடிப்பதைப் பார்க்காத ஊர் அந்த நாட்டில் இல்லை. அவர்களுக்குக் கிருமியும் வலைப்பின்னலும் புரிந்ததோ என்னவோ, எச்சில் சொம்பு ஒரு நொடியில் புரிந்தது.

"ஆஸ்பத்திரில இன்னும் ரிசல்ட் சொல்லலியாமே?"

"சொல்ற வரைக்கும் என்னையும் தள்ளி வையுங்க. சடையனுக்கு என்ன தண்டனையோ அதேதான் எனக்கும்!"

பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். சடையன் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி அந்தப் பலா மரத்தைப் பார்த்தார். ரிசல்ட் வரட்டும் என்று கூட்டம் கலைந்தது.

லேபிலிருந்து போன் வந்ததும் நான் அவர் அறைக்கு ஓடினேன். ஜன்னலுக்கு வெளியே நின்று, "இருக்குது மேடம்! உங்க தொண்டையில இருக்குது!" என்று கத்தினேன். ஒருவருக்குக் கிருமி இருக்கிறது என்று அவ்வளவு குதூகலமாக உலகத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உள்ளே அவர் கைதட்டினார். நான் அங்கிருந்து நேரே ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனேன். மறுநாளே சடையனின் ஜீப் மேட்டு ஊருக்குள் போய் நின்றது. ஆள் நிரம்பிப் பின்னால் தொற்றிக்கொண்டும் வந்தார்கள்.

மேடம் மாத்திரை போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே கிடந்தார். அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. அவர் தண்ணீர் குடித்த வீடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அறை வாசற்படியில் அன்னாசிப்பழம், தூக்குப் போசியில் சாமைச் சோறு, வாழை இலையில் சுற்றிய கிழங்கு. ஜன்னலுக்கு வெளியே தள்ளி நின்று, "டீச்சர், வெச்சிருக்கனுங்க, எடுத்துக்கங்க" என்பார்கள். திட்ட வந்தவர்களும் ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். திட்டிவிட்டு அவர்களும் எதையாவது வைத்துவிட்டுப் போனார்கள். எல்லோரையும் சுமந்து வந்தது சடையனின் ஜீப். தர்ஷினியின் அம்மா ஒரு நாள் வந்து, புதுச் சொம்பு ஒன்றைப் படியில் வைத்துவிட்டுப் போனார். அதன் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. டீச்சர் வந்தால் கொடுக்கிற சொம்பாம். அவருக்கு மட்டும்.

மாத்திரை முடிந்து, மறுபடி எடுத்த மாதிரிகளிலும் கிருமி இல்லை என்று வந்த பிறகு, அவர் சுகாதார நிலையத்துக்கு வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராகப் போர்வையின் முன்னால் போய் நின்றார். பொட்டு அட்டையைத் தேடினார், தீர்ந்துபோயிருந்தது. சட்டென்று நெற்றியிலிருந்த அரக்குப் பொட்டை நகத்தால் நெம்பி எடுத்துப் போர்வையில் ஒட்டினார். மூலையில் ஒட்டப் போனவர், கை தயங்கி, தர்ஷினியின் பொட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

பிறகு நூல் கட்ட ஆரம்பித்தார். தர்ஷினிக்கு ஒன்று. பாட்டியம்மாவுக்கு ஒன்று. சாமைச் சோறு கொண்டுவந்த வீடு, அன்னாசி வீடு, திட்டிவிட்டுப் போன வீடு, சடையன், டாக்டர், நான். நான் நூலை வெட்டி வெட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். சடையனின் பெரிய பொட்டில் இருந்ததைவிட இவர் பொட்டில் அதிக நூல் சேர்ந்தது. இன்னும் பாதி வீடுகள் மீதி இருக்கும்போது உருண்டையே தீர்ந்துவிட்டது. நூல் சுற்றியிருந்த வெறும் அட்டைதான் என் கையில் இருந்தது.

அவர் இரண்டடி பின்னால் வந்து பார்த்தார். பொட்டில்லாத நெற்றியோடு அவரை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அங்கே ஒரு வட்டம் வெளுத்திருந்தது.

"நூல் போதலியே கண்ணு," என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "எனக்கு நூல் போதலியே!"